மலையிலிருந்து கடல்வரை: ஒரு பங்குப் பயணத்தைத் திட்டமிடுவோம்



உயிர்ப்புப் பெருவிழா முடிந்து, பிள்ளைகளின் தேர்வும் முடிந்துவிட்டால் பங்கு இல்லத்திற்கு வருகிறவர்கள் கேட்கும் முதல் கேள்வி ஒன்றுதான். "ஃபாதர், இந்த வருஷம் எங்க போறோம்?" கேட்டவுடன் அன்பியத் தலைவர் ஒருவர் நோட்டுப் புத்தகத்தைத் திறப்பார். கோடைக்கானல், பழனி, மதுரை, தூத்துக்குடி, திருச்செந்தூர், மணப்பாடு, உவரி, கன்னியாகுமரி, திற்பரப்பு அருவி, குற்றாலம் என்று பட்டியல் நீளும். "மூணு நாள் போதும் ஃபாதர், ராத்திரி வண்டியிலேயே தூங்கிக்கலாம், ரூம் வாடகை மிச்சம்" என்று ஒருவர் சொல்வார். எல்லாரும் மகிழ்ச்சியோடு தலையாட்டுவார்கள்.

நானும் ஒரு காலத்தில் அப்படித் தலையாட்டியவன்தான். பல ஆண்டுகளுக்கு முன் வேறொரு பங்கில் பணியாற்றியபோது, மூன்று நாளில் பதினோரு இடங்கள் என்று ஒரு பயணத்தைத் திட்டமிட்டேன். பட்டியலை எழுதியவன் நான். ஒவ்வோர் இடத்துக்கும் எத்தனை மணிக்குப் போய்ச் சேர வேண்டும் என்று குறித்தவனும் நான். மூன்றாம் நாள் இரவு ஊர் திரும்பும்போது, விடியற்காலை மூன்றரை மணி இருக்கும், எங்கள் வேன் சாலையின் நடுச்சுவரில் மோதி நின்றது. உயிர்ச்சேதம் இல்லை, இறைவனுக்கு நன்றி. ஆனால் ஒரு பாட்டியின் மணிக்கட்டு முறிந்தது. அந்தக் கையால் அவர் மறுபடி மாவாட்டவில்லை.

எல்லாரும் ஓட்டுநரைத் திட்டினார்கள். "தூங்கிட்டான்" என்றார்கள். உண்மைதான், கண் அயர்ந்துவிட்டார். வேன் உரிமையாளர் அவரை வேலையிலிருந்து நிறுத்திவிட்டார். பத்து நாள் கழித்து அவர் என்னைப் பார்க்க வந்தார். சண்டை போடவில்லை. "ஃபாதர், மூணு நாளா நான் சீட்டுலதான் படுத்தேன். நீங்க இறங்கி இடம் பார்க்கிற நேரத்துல மட்டும்தான் கண்ணை மூடினேன்" என்றார். அவர் போனபின் என் பட்டியலை எடுத்துப் பார்த்தேன். திருப்பலி நேரம் இருந்தது, சாப்பாட்டு நேரம் இருந்தது, குழுப்படம் எடுக்கும் நேரம்கூட இருந்தது. ஓட்டுநர் தூங்கும் நேரம் மட்டும் இல்லை. நான் உரிமையாளரிடம் போய்த் தவறு என்னுடையது என்று சொன்னேன். பலன் இல்லை. அவர் வேறு ஊருக்கு லாரி ஓட்டப் போய்விட்டார்.

அதன்பின் பயணம் என்றால் நான் இடங்களை எண்ணுவதில்லை, மணிகளை எண்ணுகிறேன். இந்தக் கட்டுரையில் மலையும் கடலும் சேர்ந்த ஒரு பயணத்தை எப்படித் திட்டமிடலாம் என்று படிப்படியாகச் சொல்கிறேன். திருச்சியிலிருந்து கிளம்பி, கோடைக்கானல் மலை ஏறி, பிறகு முத்துக்குளித்துறைக் கடற்கரை வழியாகக் கன்னியாகுமரி சென்று திரும்புவதாக வைத்துக்கொள்வோம். உங்கள் ஊர் வேறாக இருந்தாலும் கணக்கு ஒன்றுதான்.

முதலில் கிலோமீட்டரை மணியாக மாற்றுங்கள்

வரைபடத்தில் எல்லாக் கிலோமீட்டரும் ஒன்றுபோலத் தெரியும். சாலையில் அப்படி இல்லை. நான்குவழிச் சாலையில் ஒரு வேன் மணிக்குச் சராசரி 60 கிலோமீட்டர் போகும். கடலோர ஊர்ச் சாலைகளில் 40 போனால் நல்லது. மலைப்பாதையில் 25 முதல் 30தான். வத்தலக்குண்டைத் தாண்டி மலை ஏறத் தொடங்கினால், 50 கிலோமீட்டருக்கு இரண்டு மணி நேரம் என்று வைத்துக்கொள்ளுங்கள். நெரிசல் நாட்களில் இன்னும் கூடும்.

அதோடு நிறுத்தங்களைச் சேர்க்க வேண்டும். இருபது பேர் இறங்கி, கழிவறை போய், தேநீர் குடித்து, மறுபடி ஏறி, "எல்லாரும் வந்தாச்சா?" என்று எண்ணி முடிக்க அரைமணி நேரம் ஆகும். குறிப்பாகப் பெண்களுக்கும் முதியவர்களுக்கும் இரண்டு மணி நேரத்துக்கு ஒரு முறை நல்ல கழிவறை உள்ள இடத்தில் நிறுத்தம் கட்டாயம். இதைத் திட்டத்தில் எழுதாவிட்டால் நம் தாய்மார்கள் தண்ணீர் குடிப்பதையே குறைத்துக்கொள்கிறார்கள். வெயில் காலத்தில் அது உடலுக்கு ஆபத்து. எங்கே நிறுத்துவது என்பதை முன்பே தீர்மானித்து எல்லாருக்கும் சொல்லிவிடுங்கள்.

இந்தக் கணக்கைப் போட்டுப் பார்த்தால் மேலே சொன்ன பயணத்துக்கு ஆறு நாட்கள் வேண்டும். திங்கள் காலை கிளம்பிச் சனி மாலை திரும்பலாம். ஞாயிறு திருப்பலிக்குப் பங்குத்தந்தையும் ஊரில் இருப்பார்; கோடைக்கானலின் வார இறுதி நெரிசலும் நமக்கு இருக்காது. "ஆறு நாள் லீவு கிடைக்காது, செலவும் தாங்காது" என்று பலர் சொல்வீர்கள். சரியான பேச்சு. அப்படியானால் மூன்று நாளில் மலைக்கு மட்டும் போய் வாருங்கள். கடலை அடுத்த ஆண்டுக்கு வைத்துக்கொள்ளுங்கள். ஆறு நாள் பயணத்தை மூன்று நாளில் திணிப்பது மட்டும் வேண்டாம்.

ஓட்டுநரும் நம்மோடு வருகிறவர்தான்

மோட்டார் போக்குவரத்துத் தொழிலாளர் சட்டம், 1961 என்று ஒரு சட்டம் வந்தது. ஓட்டுநர் நாளொன்றுக்கு எட்டு மணி நேரம், வாரத்துக்கு 48 மணி நேரம்தான் வேலை செய்யலாம், ஐந்து மணி நேரம் தொடர்ந்து வேலை செய்தால் குறைந்தது அரைமணி ஓய்வு தர வேண்டும் என்று அந்தச் சட்டம் வகுத்தது. நம் பயணத் திட்டத்துக்கு இதைவிட நல்ல அளவுகோல் இல்லை.

இரவு இரண்டு மணி முதல் ஐந்து மணி வரை மனித உடல் தானாகவே உறக்கத்தைத் தேடும். எத்தனை அனுபவம் உள்ள ஓட்டுநராக இருந்தாலும் இதிலிருந்து விதிவிலக்கு இல்லை. தேநீரும் முகம் கழுவுவதும் சில நிமிடங்களுக்குத் தூக்கத்தைத் தள்ளிப்போடுமே தவிர, தூக்கத்தைத் தந்துவிடாது. ஆகவே இரவுப் பயணமே வேண்டாம். காலை ஐந்து மணிக்குக் கிளம்பி, மாலை இருட்டுவதற்குள் தங்குமிடம் சேர்ந்துவிடுங்கள்.

அறை பதிவு செய்யும்போது ஓட்டுநருக்கும் ஒரு கட்டில் சேர்த்துப் பதிவு செய்யுங்கள். சில விடுதிகளில் ஓட்டுநருக்கு இடம் இல்லை என்பார்கள். அந்த விடுதி நமக்கும் வேண்டாம். சாப்பிட உட்காரும்போது "டிரைவரண்ணே, வாங்க" என்று கூப்பிட்டு அதே மேசையில் உட்கார வையுங்கள்.

வண்டியைப் பற்றியும் ஒரு வார்த்தை. தெரிந்தவரின் சொந்த வண்டி மலிவாகக் கிடைக்கிறது என்று வாடகை கொடுத்து எடுக்காதீர்கள். மஞ்சள் பலகை உள்ள, வாடகைக்கு ஓட உரிமம் பெற்ற வண்டியாக இருக்கட்டும். வெள்ளைப் பலகை வண்டியை வாடகைக்கு ஓட்டி விபத்து நேர்ந்தால் காப்பீட்டுப் பணம் கிடைப்பதில் பெரும் சிக்கல் வரும். தகுதிச் சான்று, காப்பீடு, அனுமதி மூன்றின் தேதியையும் பாருங்கள். எத்தனை இருக்கையோ அத்தனை பேர்தான். "குழந்தைகளை மடியில் வச்சிக்கலாம்" என்ற பேச்சே வேண்டாம்.

மலை: முதல் இரண்டு நாட்கள்

திங்கட்கிழமை காலை ஐந்து மணிக்குத் திருச்சியில் கிளம்பினால் ஏழரை மணிக்குள் திண்டுக்கல்லில் காலை உணவு. அங்கிருந்து வத்தலக்குண்டு வழியாக மலைப்பாதை. பன்னிரண்டு மணிக்குள் கோடைக்கானல் சேரலாம்.

கோடைக்கானலுக்குக் கிளம்பும் முன் இ-பாஸ் எடுக்க மறக்காதீர்கள். சென்னை உயர்நீதிமன்ற உத்தரவின்படி 2024 மே 7 முதல் நீலகிரிக்கும் கோடைக்கானலுக்கும் செல்லும் சுற்றுலா வாகனங்களுக்கு இது கட்டாயமானது. 2025 ஏப்ரல் முதல் ஜூன் வரை கோடைக்கானலுக்குள் வார நாட்களில் 4,000 வாகனங்கள், வார இறுதியில் 6,000 வாகனங்கள் என்று வரம்பும் வைத்தார்கள். ஆண்டுக்கு ஆண்டு விதிகள் மாறலாம். ஆகவே தேதியை முடிவு செய்யும் முன்பே அரசின் இ-பாஸ் தளத்தில் பார்த்துவிடுங்கள். இதைத் தொல்லை என்று நினைக்க வேண்டாம். அந்த மலையில் ஊற்றெடுக்கும் தண்ணீரைத்தான் கீழே பல ஊர்கள் குடிக்கின்றன. மலை தாங்கும் அளவு ஒன்று இருக்கிறது. அதனால்தான் ஒருமுறை பயன்படுத்தித் தூக்கி எறியும் பிளாஸ்டிக் தண்ணீர்ப் பாட்டில்களுக்கும் அங்கே தடை இருக்கிறது. ஆளுக்கொரு எவர்சில்வர் பாட்டில், வண்டிக்கு ஒரு பெரிய தண்ணீர் கேன் போதும்.

வளைவுகளில் வாந்தி வருவது பலருக்கும் பெரிய பயம். காரணம் எளிது. உடல் அசைவதைக் காதின் உட்பகுதி மூளைக்குச் சொல்கிறது. கண்ணோ வண்டிக்குள்ளே அசையாத இருக்கையைப் பார்க்கிறது. இரண்டு செய்தியும் ஒத்துப்போகாததால் குமட்டுகிறது. எனவே வாந்தி வரும் வழக்கம் உள்ளவர்களை முன்வரிசையில் உட்கார வைத்து, தூரத்து மலையைப் பார்க்கச் சொல்லுங்கள். கைப்பேசி பார்ப்பதும் புத்தகம் படிப்பதும் வேண்டாம். காலையில் பூரியும் வடையும் தவிர்த்து, இரண்டு இட்லியோடு நிறுத்திக்கொள்ளச் சொல்லுங்கள். மாத்திரை தேவையானால் மருத்துவரிடம் கேட்டு, மலை ஏறும் முன்பே போட்டுக்கொள்ள வேண்டும். குமட்டல் தொடங்கியபின் போட்டால் பெரிதாகப் பயன் இல்லை.

கோடைக்கானல் கடல் மட்டத்திலிருந்து சுமார் 2,100 மீட்டர் உயரம். ஆரோக்கியமானவர்களுக்கு இந்த உயரம் பிரச்சினை இல்லை. இதய நோய், ஆஸ்துமா உள்ளவர்கள் மருத்துவரைக் கேட்டுவிட்டு வரட்டும். மே மாதத்திலும் இரவு குளிரும். எல்லாருக்கும் ஒரு கம்பளி ஆடை வேண்டும்.

முதல் நாள் மதியம் ஓய்வு. மாலையில் சலேத் மாதா ஆலயம், பிறகு ஏரிக்கரை. 1863-ல் அமைக்கப்பட்ட அந்த ஏரியைச் சுற்றி மெதுவாக நடப்பதற்கே ஒரு மாலைப்பொழுது வேண்டும். இரண்டாம் நாள் காலையிலேயே கோக்கர்ஸ் வாக் பாதைக்குப் போங்கள். பத்து மணிக்குமேல் பல நாட்களில் மேகம் வந்து பள்ளத்தாக்கை மூடிவிடும். பிறகு தூண் பாறைகள். 'மஞ்ஞும்மல் பாய்ஸ்' திரைப்படம் 2024-ல் வந்தபின் இளைஞர்கள் எல்லாரும் குணா குகையைத்தான் கேட்கிறார்கள். அந்தப் படம் 2006-ல் அங்கே குழிக்குள் விழுந்த ஒரு கேரள இளைஞரை நண்பர்கள் மீட்ட உண்மைச் சம்பவம். அவரைத் தவிர அங்கே விழுந்தவர்கள் பலர் மீளவில்லை. போகட்டும், பார்க்கட்டும், வேலிக்கு இந்தப் பக்கம் நின்று பார்க்கட்டும்.

அன்று பிற்பகலில் திட்டத்தில் ஒன்றும் எழுதாதீர்கள். வெற்றாக விடுங்கள். மழை வந்தால், யாருக்காவது உடம்பு முடியாமல் போனால், காலையில் விட்டுப்போனது ஏதாவது இருந்தால் அந்த நேரம் உதவும். ஒன்றும் இல்லாவிட்டால் மக்கள் உட்கார்ந்து பேசட்டும். ஒரே தெருவில் இருபது ஆண்டு குடியிருந்தும் பேசிக்கொள்ளாத இரண்டு குடும்பங்கள் அப்படி ஒரு பிற்பகலில் பேசியதை நான் பார்த்திருக்கிறேன்.

இறங்கும்போதுதான் கூடுதல் கவனம்

மலை ஏறுவதைவிட இறங்குவதே ஆபத்து. இறங்கும்போது பிரேக்கை விடாமல் மிதித்துக்கொண்டே வந்தால், உராய்வினால் அது சூடேறிப் பிடிப்பை இழக்கும். கருகிய வாடை வந்தால் உடனே பாதுகாப்பான இடத்தில் நிறுத்தி ஆறவிட வேண்டும். ஏறிய கியரிலேயே இறங்க வேண்டும் என்று பழைய ஓட்டுநர்கள் சொல்வது இதனால்தான். குறைந்த கியரில் இன்ஜினே வண்டியைப் பிடித்துக்கொள்ளும். பிரேக் தேவையான இடத்தில் மட்டும் போதும். இன்னொன்று: குறுகலான இடத்தில் ஏறிவரும் வண்டிக்கே முதலில் வழி. இறங்குகிறவர் காத்திருக்க வேண்டும். ஓட்டுநருக்கு இவையெல்லாம் தெரியும். பின்னாலிருந்து "சீக்கிரம் போங்கண்ணே" என்று நாம் சொல்லாமல் இருந்தால் போதும். வண்டிக்குள் ஆட்டமும் பாட்டும் சமவெளியில் இருக்கட்டும்.

புதன்கிழமை காலை ஆறு மணிக்கு இறங்கத் தொடங்கினால், வத்தலக்குண்டில் காலை உணவு, மதுரைக்கு வெளியே சுற்றுச்சாலை, அங்கிருந்து நான்குவழிச் சாலையில் தூத்துக்குடி. ஏறத்தாழ 260 கிலோமீட்டர். நிறுத்தங்களோடு ஏழு, எட்டு மணி நேரம். ஆறு நாட்களில் ஓட்டுநருக்கு நீண்ட நாட்கள் இரண்டுதான். இது ஒன்று, திரும்பும் நாள் மற்றொன்று. ஆகவே மதுரைக்குள் நுழைய வேண்டாம். மதுரையை இந்தப் பயணத்தில் விட்டுவிடுங்கள்.

கடற்கரை: அடுத்த இரண்டு நாட்கள்

காலையில் கம்பளியோடு கிளம்பியவர்கள் பிற்பகலில் தூத்துக்குடியின் வெயிலில் இறங்குவார்கள். வெள்ளை வெளேரென்று உப்பளங்கள் கண்ணைக் கூசும். உப்புக் காய்ச்சும் அந்த ஊரில் அன்னை மரியா 'பனிமய மாதா' என்று அழைக்கப்படுகிறார். உரோமையில் கோடைகாலத்தில் பனி பெய்ததாகச் சொல்லப்படும் மரபிலிருந்து வந்த பெயர் அது. 1982-ல் திருத்தந்தை இரண்டாம் யோவான் பவுல் இந்த ஆலயத்தைப் பேராலயமாக உயர்த்தினார். ஆகஸ்டு 5 திருவிழா. அந்த வாரத்தில் போனால் தங்குமிடம் கிடைப்பது கடினம். ஓய்வெடுத்துவிட்டு மாலையில் ஆலயம் செல்லுங்கள்.

வியாழக்கிழமை கடலோரச் சாலையில் கன்னியாகுமரி வரை. தூரம் சுமார் 130 கிலோமீட்டர்தான். ஆனால் அவசரப்படக் கூடாத நாள் இது. திருச்செந்தூரைத் தாண்டியதும் உடன்குடி. கருப்பட்டிக்குப் பெயர்பெற்ற ஊர். அருகில் செந்நிற மணல்மேடுகளான தேரிக்காடு. அடுத்து மணப்பாடு. கடலுக்குள் நீண்டு நிற்கும் மணற்குன்றின்மேல் திருச்சிலுவை ஆலயம். 1542-ல் இந்தக் கடற்கரைக்கு வந்த புனித பிரான்சிஸ் சவேரியார் தங்கிச் செபித்த குகை அந்தக் குன்றின் கடல்பக்கத்தில் இருக்கிறது. படிகளில் இறங்க முதியவர்களுக்கு உதவி வேண்டும். இறங்க முடியாதவர்களை மேலே தனியாக உட்கார வைத்துவிட்டு மற்றவர்கள் ஓடிவிடாதீர்கள். இளையோர் இருவர் அவர்களோடு இருக்கட்டும். அடுத்து உவரி புனித அந்தோனியார் திருத்தலம். அங்கேயே கப்பல் வடிவில் கட்டப்பட்ட மாதா ஆலயமும் உண்டு. பிள்ளைகளுக்கு மிகவும் பிடிக்கும்.

இந்த ஊர்களில் ஒன்றை நினைவில் வைக்க வேண்டும். நாம் பார்க்கப் போகும் ஆலயம் அங்குள்ள மக்களின் பங்குக்கோவில். திருப்பலி நடக்கும்போது படம் எடுத்துக்கொண்டு பீடத்தைச் சுற்றாதீர்கள். பெரிய குழுவாகப் போவதானால் அந்தப் பங்குத்தந்தைக்கு முன்கூட்டியே தொலைபேசியில் சொல்லுங்கள். கிழக்குக் கடற்கரையில் ஏப்ரல் 15 முதல் ஜூன் 14 வரை 61 நாட்கள் மீன்பிடித் தடைக்காலம். மீன் இனப்பெருக்கத்துக்காக விசைப்படகுகள் கரையில் நிற்கும். நமக்கு விடுமுறை, அங்கே பல குடும்பங்களுக்கு வருமானம் இல்லாத நாட்கள். மீன் விலை அதிகம் என்று பேரம் பேசுமுன் இதை நினைத்துக்கொள்ளுங்கள். கருப்பட்டியோ பனைநார்ப் பெட்டியோ அவர்களிடமே வாங்குங்கள்.

கடலில் இறங்கும் முன்

ஒரு துயரச் செய்தியைச் சொல்லியாக வேண்டும். 2024 மே 6 அன்று கன்னியாகுமரி மாவட்டம் லெமூர் கடற்கரையில் ஐந்து மருத்துவ மாணவர்கள் அலையில் சிக்கி இறந்தார்கள். புயல் இல்லை, மழை இல்லை. 'கள்ளக்கடல்' குறித்த எச்சரிக்கை அந்த நாட்களில் வெளியாகியிருந்தது.

கள்ளக்கடல் என்பது என்ன? வெகுதூரத்தில், இந்தியப் பெருங்கடலின் தென்பகுதியில் வீசும் பலத்த காற்று பெரிய அலைகளை எழுப்புகிறது. அவை பல நாட்கள் பயணம் செய்து நம் கரைக்கு வருகின்றன. இங்கே வானம் தெளிவாக இருக்கும், காற்றும் இருக்காது. திடீரென்று கடல் பொங்கிக் கரையேறும். கள்ளனைப்போல் சொல்லாமல் வருவதால் மீனவ மக்கள் வைத்த பெயர் அது. ஐதராபாத்தில் உள்ள இந்தியக் கடல்சார் தகவல் சேவை மையம் இதற்கு முன்னெச்சரிக்கை தருகிறது. மாவட்ட நிர்வாகமும் அறிவிக்கும். அன்று காலைச் செய்தியைப் பாருங்கள். அதைவிட எளிய வழி, கரையில் வலை பின்னும் பெரியவரிடம், "ஐயா, இன்னிக்கு இறங்கலாமா?" என்று கேளுங்கள். அவர் வேண்டாம் என்றால் வேண்டாம். கடல் அமைதியாக இருந்தாலும் கணுக்காலுக்குமேல் தண்ணீரில் இறங்க வேண்டாம் என்பதே எங்கள் பங்கின் விதி. பிள்ளைகள் முகம் வாடும். வாடட்டும்.

கன்னியாகுமரியும் திரும்பும் வழியும்

வெள்ளிக்கிழமை முழுவதும் கன்னியாகுமரியில். கதிரவன் உதிப்பதையும் மறைவதையும் ஒரே ஊரிலிருந்து பார்க்கலாம். காலையில் அலங்கார உபகார மாதா ஆலயத்தில் திருப்பலி. பிறகு படகில் விவேகானந்தர் பாறைக்குச் செல்லலாம். 2000 சனவரி 1 அன்று திறக்கப்பட்ட 133 அடித் திருவள்ளுவர் சிலைக்கு அங்கிருந்து நடந்தே போக, 2024 டிசம்பர் 30 அன்று கண்ணாடிப் பாலம் திறக்கப்பட்டது. கடல் சீறினால் படகு நிறுத்தப்படும். அப்படி நின்றால் வருத்தப்படாதீர்கள். கரையிலிருந்தும் சிலை தெரியும். மாலையில் நாகர்கோவில் அருகே கோட்டாறு புனித சவேரியார் பேராலயம் சென்று, புனித தேவசகாயத்தின் கல்லறையில் செபியுங்கள்.

சனிக்கிழமை காலை திரும்பும்போது ஆரல்வாய்மொழி வழியில் காற்றாடிமலை. 1752 சனவரி 14 அன்று தேவசகாயம் சுட்டுக் கொல்லப்பட்ட இடம். திருத்தந்தை பிரான்சிஸ் 2022 மே 15 அன்று அவரைப் புனிதராக அறிவித்தார். இந்தியப் பொதுநிலையினரில் முதல் புனிதர் அவர். எருமைமேல் ஏற்றி ஊர் ஊராக இழுத்துச் செல்லப்பட்ட மனிதர். அவர் சென்ற அந்த வழியில்தான் நாம் இருக்கையில் சாய்ந்து உட்கார்ந்து வருகிறோம். அங்கே மலைத்தொடர் முடியும் இடைவெளியில் காற்று விசையாகப் புகுந்து வருகிறது. முப்பந்தல் காற்றாலைகள் சுழல்வது அதனால்தான். ஒரு மணி நேரம் அங்கே இருந்துவிட்டு ஒன்பது மணிக்குள் கிளம்பினால், மதிய உணவு நிறுத்தத்தோடு மாலை இருட்டுவதற்குள் திருச்சி. அன்று வேறு எந்த இடமும் இல்லை. குற்றாலமும் இல்லை, திற்பரப்பும் இல்லை.

யாரை விட்டுவிடுகிறோம்?

இடங்களை விட்டுவிடலாம், மனிதர்களை விட்டுவிடக் கூடாது. பயணச் செலவை ஆளுக்கு இவ்வளவு என்று அறிவித்தவுடன் சில குடும்பங்கள் சத்தமில்லாமல் பின்வாங்கிவிடும். எனவே ஆறு மாதம் முன்பே தொடங்கி மாதாமாதம் சிறிது சிறிதாகக் கட்டும் வழியை வையுங்கள். வசதி உள்ளவர்கள் பெயர் சொல்லாமல் ஒருவருடைய பங்கைக் கூடுதலாகக் கட்டலாம். முட்டி வலிக்காரர்களை "உங்களால முடியாது பாட்டி" என்று நாமே தள்ளிவிட வேண்டாம். அவர்கள் நடக்கும் வேகத்தில் திட்டம் போட்டால் எல்லாரும் வரலாம்.

விவிலியத்தில் எலியா இறைவாக்கினரின் பயணத்தை நினைத்துப் பாருங்கள். களைத்துப்போய், சாகவும் துணிந்து, ஒரு சூரைச்செடியின் அடியில் படுத்துவிட்டார். வானதூதர் வந்து அவரைக் கடிந்துகொள்ளவில்லை. சீக்கிரம் நட என்றும் சொல்லவில்லை. அப்பமும் தண்ணீரும் வைத்தார். உண்டுவிட்டு மறுபடி தூங்கவும் விட்டார். அதன்பின்தான் ஓரேபு மலைக்கு அனுப்பினார். போக வேண்டிய தூரம் அதிகம் என்பதைத் தெரிந்தவர் கடவுள்.

அந்த விபத்துக்குப் பிறகு இதே பாதையில் இரண்டு முறை மக்களைக் கூட்டிச் சென்றிருக்கிறேன். இரண்டாம் முறை போனபோது உவரியில் மதிய உணவு. ஓட்டுநர் எங்களோடு அமர்ந்து சாப்பிட்டார். சாப்பிட்டு முடித்ததும், "ஃபாதர், ஒரு மணி நேரம் கண்ணசந்துட்டு வரட்டுமா?" என்று தயங்கித் தயங்கிக் கேட்டார். திட்டத்தாளை எடுத்து அவரிடம் காட்டினேன். அதில் இரண்டு மணி முதல் மூன்றரை வரை 'ஓட்டுநர் ஓய்வு' என்று எழுதியிருந்தது. அவர் சிரித்துக்கொண்டே போய்ப் படுத்தார். அந்த ஒன்றரை மணி நேரம் நாங்கள் கடற்கரை நிழலில் உட்கார்ந்து செபமாலை சொன்னோம். எனக்கு மட்டும் முதல் ஓட்டுநரின் முகம் நினைவில் வந்துகொண்டே இருந்தது. இன்று அவர் எந்தச் சாலையில் ஓட்டிக்கொண்டிருக்கிறாரோ, அவருக்காகவும் ஒரு மறையுண்மை சொன்னேன்.

இந்த விடுமுறையில் பயணம் போகும் குடும்பங்களே, பங்குகளே, பட்டியலை எடுத்துப் பாதி இடங்களை அடித்துவிடுங்கள். ஓட்டுநர் தூங்கும் நேரத்தை முதல் வரியில் எழுதுங்கள். நல்லபடியாகப் போய், நல்லபடியாக வந்து சேருங்கள். ஆண்டவர் உங்கள் போக்கையும் வரவையும் காத்தருள்வாராக.